கேள்வி – பதில்: எம்.ஐ.ஏ.வோட ‘கலா’ ஆல்பம்

போன இதழ்ல ஒரு வாசகருக்குப் பதில் சொல்றப்ப போற போக்குல, 2000க்கு அப்புறம் வந்த பாப் ஆல்பங்கள்ல என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது எம்.ஐ.ஏ.வோட ‘கலா’ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் மெயிலும் பார்த்தா இந்த வாரம் வேற எதையும் தொட முடியாது போல இருக்கு, அதனால முழுப் பக்கமும் அதுக்கே ஒதுக்கிட்டேன்.

ரீல்ஸ்ல அடிக்கடி ஒரு இங்கிலீஷ் பாட்டு வருது சார். டுமீல் டுமீல்னு துப்பாக்கி சத்தம், உடனே கல்லாப்பெட்டி திறக்குற சத்தம். அதைப் பாடினது தமிழ்ப் பொண்ணுன்னு என் ரூம்மேட் சொல்றான். உண்மையா? – கல்லூரி மாணவர், திருச்சி

உண்மைதான் தம்பி. ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ அந்தப் பாட்டு, பாடினவங்க எம்.ஐ.ஏ., முழுப் பேரு மாதங்கி அருள்பிரகாசம், வீட்ல மாயா. 1975ல லண்டன்ல பிறந்து, ஆறு மாசக் கைக்குழந்தையா இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குப் போயிடுச்சு, அங்க போர் முத்தினப்ப இடையில கொஞ்ச காலம் மெட்ராஸ்ல வந்து தங்கினாங்க, திரும்ப யாழ்ப்பாணம், கடைசியில 1986 வாக்குல அம்மாவோட அகதியா லண்டன். அங்க கவர்மென்ட் குடியிருப்புல இருந்தப்ப அவங்க வீட்டு ரேடியோ திருட்டுப் போயிடுச்சாம், ராத்திரி தூங்கப் போறப்ப பக்கத்து வீட்டுல இருந்து சுவரைத் தாண்டி வந்த ஹிப்-ஹாப்தான் முதல்ல பிடிச்சுப் போச்சுன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. படிச்சது சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ்ல, அதுவும் சினிமா, பாட்டு இல்ல.

நீங்க கேக்குற பாட்டு 2007 ஆகஸ்ட்ல வந்த ‘கலா’ங்குற ஆல்பத்துல பதினோராவதா வருது, மொத்தம் பன்னிரண்டு பாட்டு. ரீல்ஸ்ல உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு பதினஞ்சு செகண்டு, அதுக்கு முன்னாடி பத்து பாட்டு இருக்கு தம்பி, அந்தப் பத்துலதான் உங்க ஊர் திருவிழாவும் இருக்கு, நான் சும்மா சொல்லல, கீழ படிங்க.

இந்த ஆல்பம் நம்ம சென்னையில, ரஹ்மான் ஸ்டுடியோவுல ரெக்கார்ட் பண்ணதாமே? அப்போ இசை ரஹ்மானா? – வாசகர், மதுரை

இசை ரஹ்மான் இல்லங்க. ஆனா ஸ்டுடியோ அவரோடதுதான், இதுக்குப் பின்னாடி இருக்குற கதைதான் என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தோட உயிர்.

2005ல முதல் ஆல்பம் ‘அருளர்’ வந்து பத்திரிகைக்காரங்க எல்லாம் பாராட்டி, பிரிட்டன்ல மெர்குரி பரிசுப் பட்டியல் வரைக்கும் போனப்புறம், அடுத்தது அமெரிக்காவுல டிம்பலேண்டுங்குற பாட்டுத் தயாரிப்பாளரோட சேர்ந்து பண்றதா ஏற்பாடு. அப்போ டிம்பலேண்டுன்னா ஹிட்டுக்கு உத்தரவாதம் மாதிரி, அவர் கை வச்சா சார்ட்ல ஏறும். அந்த நேரத்துல 2006ல இவங்களுக்கு அமெரிக்க விசா சிக்கலாகி உள்ளயே போக முடியல. அருளர்ங்குறது அப்பா ஈரோஸ்ங்குற ஈழப் போராளி இயக்கத்துல இருந்தப்ப வச்சுக்கிட்ட பேரு, அதையே ஆல்பத்துக்கும் வச்சாச்சு, பாட்டுல வேற போராளி, அகதின்னு வெளிப்படையாப் பேசுறாங்க, இப்படி ஒரு ஆளுக்கு 2001க்கு அப்புறமான அமெரிக்கா கதவு எப்படித் திறக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

வேற யாரா இருந்தாலும் லண்டன்ல உக்காந்து விசாவுக்குக் காத்திருப்பாங்க. இவங்க மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியான்னு போற இடத்துல எல்லாம் சத்தத்தைப் பிடிச்சுப் பிடிச்சுச் சேர்த்தாங்க. கூட இருந்தவர் ஸ்விட்ச்னு ஒரு பிரிட்டிஷ் தயாரிப்பாளர். சென்னைக்கு வந்து ரஹ்மானைப் பார்த்தாங்க, அவர் தன்னோட கோடம்பாக்கம் ஸ்டுடியோவைக் கொடுத்தாரு, கூடவே இங்க இருக்குற வாசிப்பாளர்கள் தொடர்பும் கொடுத்தாரு. நம்ம ஊர் மேளக்காரங்க கூட்டமா வந்து வாசிச்சாங்க. மனுஷங்களோட நெஞ்சைத் தட்டுற மாதிரி வேலை அங்கதான் நடந்துச்சு.

‘பேர்ட் ஃப்ளூ’ன்னு இரண்டாவது பாட்டு. அதைப் போட்டு முதல் அரை நிமிஷம் கண்ணை மூடிக் கேளுங்க. உருமி. நையாண்டி மேளத்துல, கோயில் கொடைல, சாவு வீட்டுல வாசிக்கிற அதே உருமி. இடுப்பு சிறுத்த மேளம் அது, ஒரு பக்கத் தோலைக் குச்சியால அடிப்பாங்க, இன்னொரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால அழுத்தித் தேய்ப்பாங்க, அந்தத் தேய்ப்புலதான் ‘ம்ம்ம்ர்ர்’னு அடிவயித்துல இருந்து ஒரு உறுமல் கிளம்பும், சாமி ஆடுறவங்களுக்கு அருள் இறங்குறது அந்தச் சத்தத்துலதான். வெளிநாட்டு ஆல்பங்கள்ல இந்திய வாத்தியம்னா பெரும்பாலும் சிதார் இல்லைன்னா தபலா, அதுவும் ஊதுபத்தி கொளுத்தி வச்ச மாதிரி ஒரு ஓரமா, அமைதியா வரும். இங்க உருமி நடுக்கூடத்துல வந்து நிக்குது. பக்கத்துல கோழி கொக்கரிக்குது, பசங்க கத்துறாங்க, அடி மேல அடி, ராகம்னு சொல்ல ஒண்ணுமே கிடையாது, இதைத்தான் அவங்க 2006 கடைசியில, ஆல்பத்துக்கு ரொம்ப முன்னாடியே, முதல் ஆளா இன்டர்நெட்டுல வெளிய விட்டாங்க. ரேடியோவுல ஓடவே ஓடாதுன்னு தெரிஞ்ச ஒரு பாட்டை முன்னாடி நிறுத்துறதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்!

முதல் பாட்டுல ‘தளபதி’ பாட்டு வருதே, கவனிச்சீங்களா? நம்ம ஆளுங்க பாட்டை எடுத்து அவங்க பேரு வாங்குறது திருட்டு இல்லையா? – வாசகர், கோயம்புத்தூர்

நல்ல காது உங்களுக்கு. ‘பாம்பூ பங்கா’ங்குற முதல் பாட்டுல வர்றது 1991ல இளையராஜா ‘தளபதி’க்குப் போட்ட ‘காட்டுக்குயிலு’, எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் பாடினது. அதே மாதிரி ‘பேர்ட் ஃப்ளூ’ல ‘ஜெயம்’ படத்துக்கு ஆர்.பி.பட்நாயக் போட்ட ‘திருவிழா’ பாட்டும் இருக்கு.

திருட்டுன்னு சொல்ல மாட்டேன். சாம்பிள் எடுக்குறதுன்னா ஹிப்-ஹாப்ல அது ஒரு முறை, பழைய பாட்டுல ஒரு துண்டை எடுத்து அது மேல புதுசாக் கட்டுவாங்க, யாரோடதுன்னு சொல்லணும், உரிமை வாங்கணும். இந்த ஆல்பத்துல இளையராஜா பேரும் பட்நாயக் பேரும் போட்டிருக்கு.

ஆனா உங்க கேள்விக்குள்ள இருக்குற கோபம் எனக்குப் புரியுது, நம்ம பாட்டை எவனெவனோ எடுத்துப் பேரே போடாம ஓட்டின கதை நிறையப் பார்த்திருக்கோம். இங்க நான் பார்க்குறது வேற. இந்தப் பாட்டுல ஒரு பக்கம் அமெரிக்காக்காரர் ஜொனாதன் ரிச்மேனோட பழைய ராக் பாட்டு வரி வருது, ராத்திரி கார்ல வேகமாப் போறதைப் பத்தின வரி, அதோடயே ‘தளபதி’ தாளம். ரெண்டுக்கும் ஒரே மரியாதை. ராக் பாட்டு பெருசு, தமிழ் சினிமாப் பாட்டு அதுக்கு மேல தூவின மசாலான்னு இல்லாம ரெண்டும் சரிசமமா நிக்குது. வெளியில இருந்து வந்து தேடி எடுத்த ஒருத்தரால இதைப் பண்ண முடியாது, கல்யாண வீட்டுலயும் கேசட்டுலயும் இந்தப் பாட்டுங்களைக் கேட்டு வளர்ந்த ஒருத்தரால மட்டும்தான் முடியும்.

‘ஜிம்மி’யும் அப்படித்தான். 1982ல வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்துல பப்பி லஹிரி இசையில பார்வதி கான் பாடின பாட்டு, சின்ன வயசுல விருந்து விசேஷங்கள்ல அதுக்கு ஆடினதா மாயா சொல்லியிருக்காங்க. ஆல்பத்துல அதை அப்படியே டிஸ்கோவா வச்சுக்கிட்டு நடுவுல வரியை மாத்தியிருக்காங்க, இனப்படுகொலை நடந்த இடங்களுக்கு ஒரு டூர் போலாமான்னு ஒரு ஆள் கூப்பிடுறதைப் பத்தி. ஆடிக்கிட்டே கேக்குறவங்க அந்த வரி காதுல விழுந்ததும் ஒரு நிமிஷம் நின்னுடுவாங்க.

நான் மியூசிக் ப்ரொடக்ஷன் படிக்கிறேன். எங்க க்ளாஸ்ல பசங்க எல்லாம் ‘அது டிப்லோ பண்ண ஆல்பம், அவங்க சும்மா பாடினாங்க’ன்னு அடிச்சுச் சொல்றாங்க. நான் ஒருத்திதான் எதிர்த்துப் பேசுறேன். – மாணவி, சென்னை

நீங்க பேசுறது சரிம்மா, விடாதீங்க.

டிப்லோங்குற அந்த அமெரிக்கத் தயாரிப்பாளர் திறமைசாலி, ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ல அவர் கை இருக்கு, இன்னும் ஒண்ணு ரெண்டு பாட்டுலயும் இருக்கு, அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனா ஆல்பத்தோட பெரும்பகுதி மாயாவும் ஸ்விட்ச்சும் சேர்ந்து தயாரிச்சது, சென்னைக்கு வந்து மேளக்காரங்களோட உக்காந்தது அவங்க ரெண்டு பேரு. கவர்ல போட்டிருக்குற பேரைப் படிச்சாலே போதும், வாதமே தேவையில்ல.

இந்தப் பேச்சு ஆல்பம் வந்த மாசமே ஆரம்பிச்சாச்சு. 2007 ஆகஸ்ட்ல பிட்ச்ஃபோர்க் இசைப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில அவங்க இதை நேரடியாவே எடுத்துப் பேசினாங்க, ஒரு பொண்ணுக்கு, அதுவும் கறுப்பா வெளிய இருந்து வந்த ஒரு பொண்ணுக்கு, சொந்தமா யோசனை இருக்கும்னு எழுதுறவங்களால ஏன் நம்ப முடியல, பின்னாடி ஒரு ஆம்பளை இருக்கணும்னு ஏன் தேடுறாங்கங்குற அர்த்தத்துல. அப்போ அதைப் படிச்சுட்டு, வளர்ந்ததும் பழசை மறந்துட்டாங்கன்னு எழுதினவங்க இருந்தாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, முதல் ஆல்பத்தோட ஆரம்பப் பாட்டுங்களை அவங்க ரோலண்ட் 505ன்னு தாளம் போடுற ஒரு சின்னப் பெட்டியை வச்சுக்கிட்டு வீட்டுல தானே தட்டித் தட்டி உண்டாக்கினாங்க. தாளம் எங்க விழணும், எது உறுத்தணும், எது இனிமையா இருக்கக் கூடாதுங்குறது அதுலயே இருக்கு. அதே மனசுதான் ‘கலா’வுல உருமியைக் கூப்பிட்டுச்சு.

ஒரு யோசனை சொல்றேன், உங்க க்ளாஸ்ல ‘பாய்ஸ்’ பாட்டைப் போட்டு அதுல தாளத்தை மட்டும் தனியாப் பிரிச்சு எழுதிப் பார்க்கச் சொல்லுங்க. டிரினிடாட் கார்னிவல் வேகமும் நம்ம ஊர் மேள அடியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்குறதை அவங்களே பார்ப்பாங்க. ரெண்டு ஊரையும் ஒரே மூச்சுல நினைக்கத் தெரிஞ்ச ஆள் யாருன்னு அப்புறம் கேளுங்க.

அந்தத் துப்பாக்கி சத்தம் வன்முறையைத் தூக்கிப் பிடிக்குது, பசங்க கெட்டுப் போவாங்க. இதைப் போய் பாராட்டுறீங்களே? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்க கவலை நியாயமானது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பாட்டோட அடியில ஓடுற அந்த மெதுவான இசை தி க்ளாஷ்ங்குற பிரிட்டிஷ் ராக் குழு 1982ல பண்ண ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டுல இருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டே, புலம்பெயர்ந்து வந்தவங்களையும் வியட்நாம்ல அமெரிக்க சிப்பாய்ங்க விட்டுட்டுப் போன பிள்ளைங்களையும் யாரும் ஏத்துக்காததைப் பத்தினது. அதை எடுத்துக்கிட்டு, விசா கிடைக்காம அலைஞ்ச ஒரு பொண்ணு, நாங்க எல்லாம் போலி விசா அடிக்கிறவங்க, உங்க பணத்தைப் பிடுங்க வந்தவங்கன்னுதானே நினைக்கிறீங்கன்னு அந்த நினைப்பையே பாத்திரமாக்கிப் பாடுறாங்க. துப்பாக்கியும் கல்லாப்பெட்டியும் அந்தப் பயத்தோட சத்தம். அதைக் கூட்டமாப் பாடுறது யாருன்னா, லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிப் பிள்ளைங்க. பிள்ளைங்க குரல்ல அந்த வரி வர்றப்பதான் எனக்கு நெஞ்சு அடைக்கும், ஏன்னா குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளையையும் அப்படித்தான் சந்தேகமாப் பார்க்குறாங்க.

அமெரிக்காவுல டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில அவங்க பாடினப்ப அந்தத் துப்பாக்கி சத்தத்தை மாத்திட்டாங்க, எம்டிவியும் வீடியோவுல அதை அமுக்கிடுச்சு. துப்பாக்கி காட்டுற பாட்டும் படமும் அந்த ஊர்ல அன்னிக்கும் ஏராளம். இவங்க வாயில வந்தப்ப மட்டும் அது பயமுறுத்துச்சு. சந்தேகப் பார்வையைப் பத்தின பாட்டு அது, அதுக்கும் அதே பார்வைதான் கிடைச்சது.

நான் ஸ்கார்பரோவில வளர்ந்தவ. ஆல்பம் வந்த நேரம் எங்கட வீட்டில பெரியாக்கள் இதெல்லாம் ஒரு பாட்டா எண்டு கேட்டவை, வெள்ளைக்காரப் பத்திரிகையள் எண்டா தலையில தூக்கி வச்சது. உண்மையில எப்பிடி வரவேற்பு இருந்தது? – வாசகி, கனடா

ரெண்டும் உண்மைதாங்க.

பத்திரிகைப் பக்கம் பார்த்தா, அந்த வருஷக் கடைசியில ரோலிங் ஸ்டோன், ப்ளெண்டர் ரெண்டு பத்திரிகையும் 2007ஓட முதல் ஆல்பம்னு ‘கலா’வைத்தான் வச்சாங்க. விற்பனைன்னு பார்த்தா நிதானம்தான். அமெரிக்க பில்போர்ட் பட்டியல்ல 18வது இடம், பிரிட்டன்ல 39. முதல் ஆல்பம் அமெரிக்காவுல 190வது இடத்துல நின்னதுங்குறதை வச்சுப் பார்த்தா இது பெரிய தாவல். ஆனா பிறந்த ஊர்ல 39ங்குறது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்.

அப்புறம் 2008 கோடையில ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’னு ஒரு படத்தோட ட்ரெய்லர்ல ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ வந்துச்சு, ஆல்பம் வந்து ஒரு வருஷம் ஆன பாட்டு திடீர்னு ஏறி அமெரிக்காவுல 4வது இடம் வரைக்கும் போச்சு. அந்த வருஷமே ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நாலு பேரும் சேர்ந்து பண்ண ‘ஸ்வாகா லைக் அஸ்’ பாட்டு இவங்க குரலைச் சாம்பிள் எடுத்துத்தான் நிக்குது, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’லயும் இந்தப் பாட்டு வந்துச்சு. உலகம் முழுக்கத் தெரிஞ்சது அந்த ஒரு பாட்டுதான். ஆல்பத்துக்கு அது நல்லதும் பண்ணுச்சு, கெடுதலும் பண்ணுச்சு, ஏன்னா மிச்சம் இருக்குற கரடுமுரடான பாட்டையெல்லாம் நிறையப் பேரு தொடவே இல்ல.

பாராட்டின விமர்சனத்துல எனக்கு ஒரு குறை உண்டு. மூணாம் உலகத்து சத்தங்களோட கதம்பம், உலகம் சுத்தின டைரி, இப்படியே எழுதித் தள்ளினாங்க. கதம்பம் இல்லங்க அது. ஆஸ்திரேலியாவுல வில்கேனியாங்குற ஊர்ப் பழங்குடிச் சிறுவர்கள் பாடுறாங்க ஒரு பாட்டுல, இன்னொண்ணுல நைஜீரியா வம்சாவளி லண்டன் பையன் ஆஃப்ரிக்கன் பாய், ‘20 டாலர்’ல லைபீரியாவுல துப்பாக்கி அவ்வளவு மலிவாக் கிடைக்கிற கதை. இவங்க எல்லாரும் பெரிய ஊர்க்காரங்க கண்ணுல படாதவங்க. விசா மறுக்கப்பட்ட ஒருத்தி தன்னை மாதிரி இருக்குறவங்களைத் தேடிப் போய்ப் பார்த்தாங்கன்னு எடுத்துக்கிட்டாதான் ஆல்பம் புரியும்.

உங்க வீட்டுப் பெரியவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. போர்ல இருந்து தப்பி வந்து, குளிர்ல ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துப் பிள்ளைங்களைப் படிக்க வச்ச தலைமுறை, பாட்டுன்னா அவங்களுக்கு இளைப்பாற ஒரு மடி. இது மடி இல்ல, இரைச்சல், சாவு மேளம், சாதிப் பேரைச் சொல்லி ஒதுக்கி வச்ச வாத்தியம் வேற. ஆனா உங்க வயசுக்காரங்க பல பேரு, பள்ளிக்கூடத்துல தமிழ்ப் பேரை மறைச்சுக்கிட்டு இருந்தவங்க, இந்தப் பொண்ணு டிவியில தன் பேரைச் சொல்லி நின்னதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தோம்னு எழுதுறாங்க. இந்த வாரம் வந்த கடிதத்துலயே அப்படி ஒண்ணு இருக்கு.

ஆல்பத்துக்குத் தாயின்ர பேரை வச்சவா சரி, ஆனா எங்கட சனத்தின்ர கதையை நேராச் சொல்லேல்லை எண்டு எனக்கொரு மனக்குறை. நீங்கள் என்ன நினைக்கிறியள்? – வாசகர், யாழ்ப்பாணம்

உங்க மனக்குறையை நான் மதிக்கிறேங்க, அதை இருந்த இடத்துல இருந்து கேக்குறவருக்குப் பதில் சொல்றப்ப வார்த்தையை அளந்துதான் வைக்கணும்.

முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரு, இரண்டாவதுக்கு அம்மா பேரு, கலா. முதலாவது ஆம்பளைத்தனமான ஆல்பம், இது பொம்பளை ஆல்பம்னு மாயாவே சொல்லியிருக்காங்க. அப்பா இயக்கம், அரசியல்னு போயிட்டாரு. பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு ஊர் விட்டு ஊர் ஓடினது, லண்டன்ல தையல் வேலை பார்த்துச் சோறு போட்டது அம்மா. பிரிட்டிஷ் அரச குடும்பம் கொடுக்குற பதக்கங்கள்ல கோக்குற ரிப்பனைக் கையால தைக்கிறது அந்த அம்மாவோட வேலையா இருந்துச்சு, வருஷக்கணக்கா. 2019ல மாயாவுக்கு எம்பிஇ விருது அறிவிச்சப்ப அவங்க இதைத்தான் எடுத்துச் சொன்னாங்க, எங்க அம்மா ஆயிரக்கணக்குல தைச்ச பதக்கம் இதுன்னு. இங்கிலீஷ் சரியா வராத ஒரு ஊர்ல, யாரோ மார்ல குத்திக்கிறதுக்கு உக்காந்து ஊசி கோத்துக்கிட்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அவங்க பேருதான் ரோலிங் ஸ்டோன் பட்டியல்ல முதல் இடத்துல வந்துச்சு. எனக்கு இதை எழுதுறப்பவே கண்ணு கலங்குது.

கதையை நேராச் சொல்லலைங்குறது உண்மை. ஊர் பேரு சொல்லி, நடந்தது சொல்லி ஒரு பாட்டு இதுல இல்ல. ஆனா தப்பிச்சவங்க எப்படி வாழ்றாங்க, கையில எவ்வளவு காசு இருக்கு, எந்தக் கதவு மூடுது, எதுக்கு ஆடுறாங்க, அது பூரா இருக்கு. அதோட, பாட்டுக்கு வெளிய அவங்க வாயை மூடிக்கல. 2009 ஜனவரியில, வன்னியில சனம் செத்துக்கிட்டிருந்தப்ப, இவங்க அமெரிக்கப் புகழோட உச்சியில இருந்தாங்க, அந்த நேரத்துல டேவிஸ் ஸ்மைலி டிவி நிகழ்ச்சியில உக்காந்து அதைப் பத்தித்தான் பேசினாங்க. விடுதலைப் புலிகளுக்குப் பிரச்சாரம் பண்றாங்கன்னு பழி வந்துச்சு. அந்த நேரத்துல அவ்வளவு பெரிய மேடையில நம்ம சனத்தைப் பத்திப் பேச வேற எந்த பாப் பாடகர் இருந்தாங்க சொல்லுங்க?

கிராமி, ஆஸ்கர் எல்லாம் வாங்கினாங்களா? – வாசகி, சேலம்

பரிந்துரை ரெண்டுலயும் வந்துச்சு, விருது கைக்கு வரல. ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ 2009 கிராமியில வருஷத்தோட சிறந்த ரெக்கார்டுக்கான பட்டியல்ல இருந்துச்சு, ராபர்ட் ப்ளான்ட் – அலிசன் க்ராஸ் ஜோடிக்குப் போயிடுச்சு. ஆஸ்கர்ல ரஹ்மானோட சேர்ந்து பண்ண ‘ஓ... சாயா’ பட்டியல்ல இருந்துச்சு, அது ‘கலா’ல உள்ள பாட்டு இல்ல, ‘ஸ்லம்டாக்’ பாட்டு, ஜெயிச்சது ரஹ்மானோட ‘ஜெய் ஹோ’வேதான்.

ஆனா அந்த கிராமி மேடை, பிப்ரவரி 8, டாக்டர் பிரசவத்துக்குக் குறிச்சுக் கொடுத்த நாள் அது. நிறைமாச வயித்தோட, உள்ள தெரியுற மாதிரி கறுப்பு வெள்ளை உடுப்புல, கோட்டு சூட்டு போட்ட அந்த நாலு ராப்பர்களுக்கு நடுவுல வந்து ஆடிப் பாடிட்டுப் போனாங்க, சில நாள்ல குழந்தை பிறந்துச்சு. விருதை விடுங்க, அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கம்மா.

ஆல்பத்துல பிடிக்காத பாட்டே இல்லையா உங்களுக்கு? – வாசகர், புதுச்சேரி

இருக்கு. கடைசிப் பாட்டு ‘கம் அரவுண்ட்’. எந்த டிம்பலேண்டுக்காக முதல்ல விசா கேட்டாங்களோ அவர் பண்ணது, அவரே பாடவும் செய்றாரு. மத்த பதினோரு பாட்டும் தெருவுல நடக்குது, இது மட்டும் ஏசி ஸ்டுடியோவுல நடக்குது. முழு ஆல்பமும் முதல்ல போட்ட திட்டப்படி அமெரிக்காவுலயே பண்ணியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்க இந்த ஒரு பாட்டு போதும்.

இதுவரைக்கும் இந்த மாதிரிப் பாட்டே கேட்டதில்ல, ராஜா சார் பாட்டுதான் உலகம். எங்க இருந்து ஆரம்பிக்க? – இல்லத்தரசி, திருநெல்வேலி

ராஜா சார்ல இருந்தே ஆரம்பிங்க. முதல்ல ‘காட்டுக்குயிலு’வை ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டு உடனே ‘பாம்பூ பங்கா’ போடுங்க, தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட்டத்துல தெரியும். அடுத்தது ‘ஜிம்மி’, அது இனிமையாவே இருக்கும், சிரமமே இல்ல. ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ மூணாவது. இது மூணும் பழகினப்புறம் ‘பாய்ஸ்’, அப்புறம்தான் ‘பேர்ட் ஃப்ளூ’. ‘எக்ஸ்ஆர்2’வை இப்போதைக்குத் தொட வேண்டாம், லண்டன்ல தொண்ணூறுகள்ல விடிய விடிய ஆடின பார்ட்டிகளைப் பத்தின பாட்டு, பழகாத காதுக்குத் தலைவலி வரும்.

ஆல்பம் பிடிச்சுப் போச்சுன்னா பின்னாடி போய் ‘அருளர்’ கேளுங்க, அது இன்னும் மெலிசு, எலும்பும் தோலுமா இருக்கும், ஆனா கூர்மை ஜாஸ்தி. அதுக்கப்புறம் 2013ல வந்த ‘மாதங்கி’. நடுவுல 2010ல வந்த ‘மாயா’ பத்தி எனக்கும் என் ஆசிரியர் குழுவுல இருக்குறவங்களுக்கும் சண்டையே உண்டு, அது இன்னொரு இதழுக்கு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், போன் ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்காதீங்க. ஹெட்போனோ வீட்டு ஹோம் தியேட்டரோ எது இருந்தாலும் சரி, உருமியோட அந்தத் தேய்ப்புச் சத்தம் கீழ் ஸ்தாயியில இருக்கு, போன் ஸ்பீக்கர் அதைத் தின்னுடும்.